அலமாரியின் தலையில்

ஓவுலு நகர மருத்துவமனை, இரண்டாம் மாடி,
இதயம் நின்றவர்களைக் கொண்டுவரும் அறை.
அங்கே மருந்து அலமாரியின் தலையில்
கூரையைப் பார்த்தபடி ஒரு படம் மல்லாந்து கிடந்தது.
தரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாது.
உடலை விட்டு மேலே எழும்புகிறவர் பார்க்கட்டும்,
பார்த்துவிட்டுத் திரும்பிவந்து சொல்லட்டும்.
அதுதான் சோதனை.
மாதம் ஒருமுறை ஹெல்சிங்கியிலிருந்து ஓர் ஆள் வருவார்,
படத்தை மாற்றுவார், காபிகூடக் குடிக்காமல் போவார்.

தூசி மட்டும் என் பொறுப்பு.
ஏணியில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு துடைப்பேன் என்று
எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.
நான் பார்த்தேன்.
பிப்ரவரியில் அது ஒரு சேவல். மூன்று கால்.
பதினாறு மாதங்களில்
அந்தப் படங்களைப் பார்த்த ஒரே உயிர் நான்,
அதுவும் சாகாமல்,
ரப்பர் செருப்போடு.

ஆர்வோ ரந்தாலா, பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்,
ஒன்பது நிமிடம் இல்லாமல் போனார்.
நான்காம் நாள் கண்விழித்துச் சொன்னார்:
மேலே நின்றேன்.
என் நெஞ்சை யாரோ மாவு பிசைவதுபோல் பிசைந்தார்கள்.
அலமாரியின் தலையில் ஒரு நீலக் கையுறை,
கட்டைவிரல் உள்ளே மடிந்து.

சேவல்?
எந்தச் சேவல், என்றார்.

ஏணி வைத்துப் பார்த்தார்கள். கையுறை இருந்தது.
என்னுடையது.
கட்டைவிரல் உள்ளே மடிந்துதான் இருந்தது.

வியாழக்கிழமை கூடினார்கள்.
மேஜையில் ஏலக்காய் ரொட்டி, யாரும் தொடவில்லை.
டாக்டர் சிர்க்காவின் கழுத்து சிவந்திருந்தது:
அங்கே கையுறை இருப்பது யாருக்கும் தெரியாது,
விட்டவளுக்கே மறந்துபோயிருக்கிறது.
டாக்டர் ஹியெத்தாலா கண்ணாடியைத் துடைத்தார்:
இரண்டடி அகலச் சேவலைக் காணாத கண்
கையுறையை மட்டும் எப்படிக் கண்டது?
ஆன்மாவுக்குக் கோழி பிடிக்காதா?
யாரோ சிரித்தார்கள். சிர்க்கா சிரிக்கவில்லை.
அவருடைய தம்பி ஏரியில் மூழ்கியவன்,
திரும்பாதவன் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
அவர் மயக்கத்தில் கிடந்தபோது தரை துடைத்தது நீங்கள்தானே,
கையுறை பற்றி ஏதாவது சொன்னீர்களா?

வேலை செய்யும்போது நான் பேசுகிறவள்.
வாளியோடு பேசுவேன். அடைத்துக்கொண்ட குழாயைத் திட்டுவேன்.
அன்று வலது கை வெறுமையாக இருந்தது.
இன்னொன்றை மேலேயே விட்டுவிட்டேனே என்ற நினைப்பு
வந்தது. அது நிச்சயம்.
அவர் கட்டிலுக்கு அடியில் மாப் போயிருந்தது, அதுவும் நிச்சயம்.
அந்த நினைப்பு வாய்வழி வெளியே வந்ததா,
மண்டைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்ததா,
அது மட்டும் தெரியவில்லை.

வாயைத் திறந்திருந்தால் விஷயம் முடிந்தது, என்றார் ஹியெத்தாலா,
காதுதான் கடைசியில் தூங்கும், முதலில் விழிக்கும்.
திறக்கவில்லை என்றால்? சிர்க்காவின் பேனா எழுந்து நின்றது.
நினைத்தது அவருக்குக் கேட்டது என்றால்?
அது வேறு சோதனை, என்றார் தலைவர்.
அதற்கு நிதி இல்லை.

அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி:
துப்புரவுப் பணியாளருக்கு நினைவு தெளிவில்லை.
அலமாரிக்குக் கண்ணாடி மூடி போட்டார்கள்,
ஏணியை எடுத்துப் போனார்கள்.
ஆர்வோவிடம் முடிவை யாரும் சொல்லவில்லை.
வீட்டுக்குப் போகும்போது என் கையைப் பார்த்தார்,
ஜோடி கிடைத்ததா, என்று கேட்டார்.
கிடைத்தது, என்றேன்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில்
எனக்கு முன்னால் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்.
வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து,
அவள் பிடரியைப் பார்த்து நினைத்தேன்:
திரும்பு. திரும்பு.
மூச்சுப் புகை மட்டும் மூக்குவழி போயிற்று.

திரும்பினாள்.

பேருந்து வந்திருந்தது.